ரூ.1¼ கோடி கார் கல்வராயன்மலை ஏறுமா? புதிய 'எக்ஸ்-7' காரில் என்னென்ன வரப்போகுது?

கள்ளக்குறிச்சி:-

பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் மிகப்பெரிய ஜீப் ரக சொகுசு கார் 'எக்ஸ்-7'. இதன் அடுத்த மாடல் 2027-ம் ஆண்டு வாக்கில் வரலாம் என்று கார் உலகில் பரபரப்பாக பேசப்படுகிறது.

"கோடி ரூபாய் காருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று டீக்கடையில் கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

முதல் சம்பந்தம், இந்த காரை மாட்டும் தொழிற்சாலை. அது நம்ம ஊரில் இருந்து சுமார் 200 கி.மீ. தூரத்தில், செங்கல்பட்டு மாவட்டம் சிங்கப்பெருமாள்கோவில் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கிறது. 2007 மார்ச் மாதம் தொடங்கிய தொழிற்சாலை அது. இந்தியாவில் விற்கும் 'எக்ஸ்-7' அங்கே பூட்டப்பட்டுத்தான் வெளியே வருகிறது.

இரண்டாவது சம்பந்தம், கல்வராயன்மலை ரோடு. அதை பிறகு பார்ப்போம். முதலில் விலை.

20 லட்சம் ரூபாய் சாலை வரி

'எக்ஸ்-7' இந்தியாவுக்கு 2019-ல் வந்தபோது விலை ரூ.98 லட்சத்து 90 ஆயிரம். 2023 ஜனவரியில் முகம் மாற்றி வந்தபோது ரூ.1 கோடியே 22 லட்சத்தில் இருந்து ஆரம்பம். இது ஷோரூம் விலைதான். ரோட்டுக்கு வரும்போது தனிக்கணக்கு.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வாகன ஆயுள்கால வரி உயர்த்தப்பட்டது. அதன்படி 20 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள காருக்கு வரி 20 சதவீதம். 1 கோடி ரூபாய் கார் என்றால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கட்டும் வரி மட்டும் 20 லட்சம் ரூபாய். அந்தப் பணத்துக்கு நம்ம பக்கம் இரண்டு 'பொலிரோ' ஜீப் இறக்கிவிடலாம்.

ஜி.எஸ்.டி.யும் உண்டு. பெரிய கார்களுக்கு 28 சதவீத வரி, அதன் மேல் 22 சதவீதம் வரை செஸ் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் செஸ் எடுக்கப்பட்டு ஒரே வரியாக 40 சதவீதம் ஆனது. மின்சார காருக்கோ வெறும் 5 சதவீதம்தான். இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாடல் பற்றிய பேச்சில் இதற்கு பெரிய பங்கு உண்டு.

மலை ஏறுமா?

இப்போதைய 'எக்ஸ்-7' காரின் நீளம் 5 மீட்டர் 18 சென்டிமீட்டர். அகலம் 2 மீட்டர். எடை ஏறத்தாழ 2½ டன். உள்ளே 3 வரிசை சீட். 3 லிட்டர் என்ஜின். பெட்ரோல் மாடலுக்கு 381 குதிரை சக்தி, டீசல் மாடலுக்கு 340 குதிரை சக்தி.

இந்த பலத்துக்கு கல்வராயன்மலை ஒரு பொருட்டே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலையில் ஏறத் தொடங்கினால், ஏசியை போட்டுக்கொண்டு அலுங்காமல் வெள்ளிமலை போய்ச் சேரலாம்.

ஆனால் பிரச்சினை ஏற்றத்தில் இல்லை, அகலத்தில். 2 மீட்டர் அகல கார் வளைவில் திரும்பும்போது எதிரே அரசு பஸ் வந்தால் யாராவது ஒருத்தர் பின்னுக்கு போயே ஆக வேண்டும். மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி வந்தால் கேட்கவே வேண்டாம். இந்த கார் ஒரு முழு வட்டம் அடிக்க சுமார் 13 மீட்டர் இடம் வேண்டும்.

இதற்காகத்தான் பின் சக்கரமும் கொஞ்சம் திரும்புகிற வசதி வந்திருக்கிறது. மெதுவாக போகும்போது முன் சக்கரம் இடது பக்கம் திரும்பினால் பின் சக்கரம் வலது பக்கம் திரும்பும். நீளமான கார் சின்ன கார் மாதிரி வளையும். அடுத்த மாடலில் இந்த வசதி இன்னும் கூடலாம். பெரிய கார் கம்பெனிகள் எல்லாம் அந்த வழியில்தான் போகின்றன.

இன்னொன்று ஏர் சஸ்பென்ஷன். நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பை. ரோடு மோசமாக இருந்தால் பட்டனை தட்டி காரை 4 சென்டிமீட்டர் வரை தூக்கிக்கொள்ளலாம். இது இப்போதைய மாடலிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் மண் ரோடாக கிடக்கும் மலை கிராமத்துக்கு இந்த 4 சென்டிமீட்டர் பத்துமா என்று கேட்டால், பத்தாது. அங்கே இன்னும் பழைய கமாண்டர் ஜீப்தான் ராஜா.

கண்ணாடி முழுக்க படம்

அடுத்த மாடலில் என்ன வரும் என்பதற்கு பி.எம்.டபிள்யூ. ஏற்கனவே ஒரு தடயம் காட்டிவிட்டது. 2025 செப்டம்பரில் ஜெர்மனி மூனிச் நகர கண்காட்சியில் 'ஐ.எக்ஸ்-3' என்ற மின்சார காரை வெளியிட்டது. 'நாயே கிளாசே' என்று பெயர் வைத்த புது தலைமுறையின் முதல் கார் அது. ஜெர்மன் மொழியில் 'புது வகுப்பு' என்று அர்த்தம். 2027-க்குள் புதுசும் மாற்றியமைத்ததுமாக 40 மாடல்களில் இந்த தொழில்நுட்பத்தை புகுத்தப்போவதாக கம்பெனி அறிவித்திருக்கிறது. அதனால் அதன் சாமான்கள் பெரிய அண்ணனான 'எக்ஸ்-7'-க்கும் வந்து சேரும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை.

அதில் ஒன்று, முன் கண்ணாடியின் அடிப்பகுதியில் இந்த ஓரம் தொடங்கி அந்த ஓரம் வரை ஓடும் படம். வேகம், வழி, பேட்டரி எல்லாம் அதில் தெரியும். டிரைவர் குனிய வேண்டாம். நடுவில் 17.9 அங்குல திரை வேறு. நம்ம வீட்டு பழைய போர்ட்டபிள் டி.வி.யை விட பெருசு.

காருக்குள் நாலு பெரிய கம்ப்யூட்டர் மூளைகள். அதில் ஒன்றுக்கு 'மகிழ்ச்சியின் இதயம்' என்கிற மாதிரி பெயர். என்ஜினியர்களுக்கும் கவிதை வருது! மோட்டார், பிரேக், ஸ்டியரிங் மூன்றையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. பழைய முறையை விட 10 மடங்கு வேகமாக முடிவெடுக்குமாம்.

திரையும் படமும் பார்க்க அழகு. ஆனால் மலை மக்களுக்கு உண்மையில் காரியம் உள்ளது அந்த மூன்றில் நடுவில் இருக்கும் பிரேக்தான்.

இறக்கத்தில்தான் இருக்கு விஷயம்

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு தெரியும். ஏறுவது வண்டியோட பாடு, இறங்குவது டிரைவரோட பாடு.

"எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்கு" என்பது பழைய டிரைவர்கள் புது பையன்களுக்கு சொல்லிக்கொடுக்கும் பாலபாடம். ஏன்? டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடாகும். சூடு ஏறினால் கட்டை வழுக்கும். பிரேக் ஆயில் கொதித்து உள்ளே குமிழி விழும். அப்புறம் பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. மலைப்பாதையில் "பிரேக் பிடிக்காமல்" என்று செய்தி வருகிறதே, பல நேரம் பிரேக் கெட்டுப்போனதால் இல்லை, கொதித்துப்போனதால்.

எவ்வளவு சூடு என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2½ டன் கார் 2 ஆயிரம் அடி உயரத்தில் இருந்து கீழே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தி, நம்ம கரண்டு பில் கணக்கில் சொன்னால் 4 யூனிட்டுக்கு கொஞ்சம் மேல். அதாவது 1,000 வாட் ஹீட்டர் ஒன்றை 4 மணி நேரம் ஓடவிட்ட சூடு. காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியர் பிடிக்காவிட்டால் மிச்சமெல்லாம் நாலு சக்கர பிரேக்கில், அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கும்.

மின்சார காரில் இந்த கதையே மாறுகிறது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் மோட்டார் டைனமோவாக மாறிவிடும். சக்கரம் மோட்டாரை சுற்றும், கரண்டு உற்பத்தியாகி பேட்டரிக்கு திரும்பப் போகும், வண்டியும் வேகம் குறையும். சைக்கிளில் டைனமோவை தட்டிவிட்டால் மிதிக்க கஷ்டமாக இருக்குமே, அதே தத்துவம்தான்.

'ஐ.எக்ஸ்-3' காரில் அன்றாடம் போடும் பிரேக்கில் 98 சதவீதத்தை மோட்டாரே பார்த்துக்கொள்ளும் என்று கம்பெனி சொல்கிறது. பிரேக் கட்டைக்கு வேலையே அவசரத்துக்குத்தான். 'எக்ஸ்-7' காரின் மின்சார மாடலும் வரும் என்று பேசப்படுகிறது. வந்தால், வெள்ளிமலையில் இருந்து இறங்கும்போது ஏறச் செலவான கரண்டில் ஒரு பகுதி திரும்ப கைக்கு வரும். பிரேக்கும் சூடாகாது.

ஒரு எச்சரிக்கை. மலை உச்சியில் பேட்டரியை நூற்றுக்கு நூறு சார்ஜ் போட்டுவிட்டு இறங்கக்கூடாது. நிரம்பிய குடத்தில் தண்ணீர் பிடிக்க முடியாது. அப்போது மோட்டார் பிரேக்கின் பலம் குறைந்து, பழைய பிரேக்தான் வேலை செய்யும். இது கோடி ரூபாய் காருக்கு மட்டுமல்ல, மின்சார ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் பொருந்தும்.

108 யூனிட் கரண்ட்

பேட்டரி விஷயத்துக்கு வருவோம். 'ஐ.எக்ஸ்-3' பேட்டரி பிடிக்கும் கரண்டு சுமார் 108 யூனிட். தமிழ்நாட்டில் 2016-ல் இருந்து வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு ஏழை வீடு 2 மாதம் லைட், பேன் போடும் கரண்டு, இந்த காரின் ஒரு தடவை சார்ஜுக்கு பத்தாது. அதை வைத்து அதிகபட்சம் 805 கி.மீ. ஓடும் என்பது ஐரோப்பிய சோதனைக் கணக்கு. மலை ஏற்றம், நம்ம ஊர் வெயில், ஏசி எல்லாம் சேர்ந்தால் குறையும். 'எக்ஸ்-7' இன்னும் பெரிய உடம்பு. பேட்டரியும் அதைவிட பெருசாக வேண்டியிருக்கும்.

சரியான சார்ஜர் கிடைத்தால் 10 நிமிடத்தில் 370 கி.மீ. ஓடுவதற்கான கரண்டு ஏறிவிடும். அந்த சார்ஜருக்கு 400 கிலோவாட் வேண்டும். நம்ம வயக்காட்டு 5 குதிரை சக்தி மோட்டார் நூறை ஒரே நேரத்தில் போட்ட மாதிரி. ஊர் மூலையில் நிற்கும் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் நாலு இருந்தால்தான் தாங்கும். கல்வராயன்மலையில் அப்படி ஒரு சார்ஜரை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பணக்கார டூரிஸ்ட் பெரியார் நீர்வீழ்ச்சி பார்க்க வந்தால், கீழே ஹைவேயிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வருவதுதான் புத்திசாலித்தனம்.

கோடு இல்லாத ரோடு

தானாக ஓட்டும் வசதியும் அடுத்த மாடலில் கூடும். கேமராவும் ரேடாரும் ரோட்டை பார்த்து, வெள்ளைக்கோட்டுக்குள் காரை வைத்துக்கொள்ளும். முன்னால் வண்டி நின்றால் தானே பிரேக் போடும்.

சேலம்-உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இது கொஞ்சம் உதவும். அந்த ரோட்டை நாலு வழியாக மாற்றியபோது ஊர்களின் புறவழிச்சாலைகளை மட்டும் இரண்டு வழியாக விட்டுவிட்டார்கள். நாலு வழியில் பறந்து வந்த வண்டி திடீரென்று இரண்டு வழிக்குள் நுழைந்து எதிரே வந்த வண்டியில் மோதிய விபத்துகளை கள்ளக்குறிச்சி மக்கள் நிறைய பார்த்தவர்கள். அந்த மாதிரி இடத்தில் தானே பிரேக் பிடிக்கும் கருவி உயிரை காப்பாற்றலாம்.

மலையிலோ பல இடத்தில் கோடு கிடையாது. ஓரம் எது, பள்ளம் எது என்று இரவில் மனுஷனுக்கே தெரியாது. கேமராவுக்கு எங்கே தெரியும்? அதோடு, புது கார்கள் வரைபடம், சாப்ட்வேர் எல்லாவற்றுக்கும் செல்போன் சிக்னலை நம்பி இருக்கின்றன. மேலே பல கிராமங்களில் போன் பேசவே பாறை மேல் ஏறி சிக்னல் தேட வேண்டும்.

கல்வராயன்மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த பகுதி. நாடு சுதந்திரம் அடைந்து 29 ஆண்டு கழித்துத்தான் அந்த முறை ஒழிந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் விஷ சாராயம் குடித்து 65-க்கும் மேற்பட்டவர்கள் பலியான பிறகு, கல்வராயன்மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி சென்னை ஐகோர்ட்டு தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடு, பஸ் இல்லாத நிலை கோர்ட்டு வரை போய் பேசப்பட்டது அப்போதுதான்.

கர்ப்பிணியை தொட்டில் கட்டி தூக்கிக்கொண்டு வந்த செய்திகளை படித்த மக்களிடம், சீட்டில் மசாஜ் வரும் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்த சிரிப்பில் நியாயம் இருக்கிறது.

லாரிக்கு வந்த ஏ.சி.

அப்படியானால் இந்த கார் செய்தியை ஏன் படிக்க வேண்டும்? பெரிய காரில் இன்று வருவது, சில வருஷம் கழித்து நம்ம வண்டிக்கு வரும் என்பதால்தான்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ். 1978-ல் மெர்சிடிஸ் 'எஸ் கிளாஸ்' என்ற பணக்கார காரில் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் அதே காரில் காற்றுப் பை வந்தது. அப்போது அது கோடீஸ்வரர் சமாச்சாரம். 2019 ஏப்ரலில் இந்தியாவில் எல்லா புது கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆனது. 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கும் அதே மாதம் கட்டாயம். பெரிய காரில் இருந்து நம்ம பைக்குக்கு வந்து சேர 41 வருஷம். முன் சீட் இரண்டுக்கும் காற்றுப் பை கட்டாயம் ஆனது 2022 வாக்கில்தான்.

லாரி டிரைவர்களுக்கு ஏ.சி. கேபின் என்றால் ஒரு காலத்தில் கேலி பேசுவார்கள். 2025 அக்டோபர் 1-ந்தேதிக்கு பிறகு தயாராகும் 3½ டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டது.

இறக்கத்தில் கரண்டு எடுக்கும் வித்தையும் அப்படித்தான். ஓசூரில் தயாராகும் 'ஏத்தர்' மின்சார ஸ்கூட்டரில் அது ஏற்கனவே இருக்கிறது. இதற்கு மட்டும் 41 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து மலைக்கு போகும் பஸ்ஸுக்கும், கூலி ஆட்கள் ஏறிப்போகும் பிக்கப் வண்டிக்கும் வந்தால், இறக்கத்தில் பிரேக் கொதிக்கும் பயம் பாதி குறையும்.

வேலை யாருக்கு?

கடைசியாக தொழிற்சாலை விஷயம். 'எக்ஸ்-7' பிறந்த இடம் ஜெர்மனி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அமெரிக்காவில் தெற்கு கரோலினா மாநிலம் ஸ்பார்டன்பர்க் தொழிற்சாலை. அங்கிருந்து உதிரியாக பெட்டியில் வரும் பாகங்கள் இங்கே பூட்டப்படுகின்றன.

முழு காராக கப்பலில் இறக்கினால் காரின் விலைக்கு மேலேயே இறக்குமதி வரி. உதிரியாக கொண்டுவந்தால் வரி மிகவும் குறைவு. அந்த வரி வித்தியாசம்தான் சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் வேலையாக மாறியது. 2015-ல் இருந்து உள்ளூர் சாமான்களும் 50 சதவீதம் வரை சேர்ந்தன. என்ஜின், கியர்பாக்ஸ் பூட்டும் வேலை 'போர்ஸ் மோட்டார்ஸ்', சீட்டுக்கு 'லியர்', கதவு உள்பலகையும் வயரிங்கும் 'டிராக்ஸ்ல்மையர்' என்று சுற்றிலும் கம்பெனிகள். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த பையன்களுக்கு கார் கம்பெனியை விட, அதற்கு சாமான் கொடுக்கும் இந்த மாதிரி கம்பெனிகளில்தான் கதவு அதிகம் திறக்கும்.

மின்சார காரும் அங்கே புதுசு இல்லை. 2025 ஜனவரியில் வந்த நீளமான 'ஐ.எக்ஸ்-1' மின்சார கார் இங்கேயே பூட்டப்படுகிறது. அதனால் புது 'எக்ஸ்-7' மின்சாரத்தில் வந்தாலும் இங்கே பூட்ட ஆள் பழகித்தான் இருக்கிறார்கள்.

பக்கத்தில் இன்னொரு போட்டியும் வந்திருக்கிறது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ்-ஜாகுவார் லேண்ட் ரோவர் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ந்தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. முதலீடு 9 ஆயிரம் கோடி ரூபாய். 5 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவித்தார்கள்.

இதற்கிடையே இந்தியா-ஐரோப்பிய ஒன்றிய வர்த்தக ஒப்பந்த பேச்சு முடிந்துவிட்டதாக 2026 ஜனவரி 27-ந்தேதி அறிவிப்பு வந்தது. ஐரோப்பாவில் தயாராகும் கார்களுக்கு குறிப்பிட்ட எண்ணிக்கை வரை இறக்குமதி வரி படிப்படியாக குறையும். அப்போது முழு காராகவே இறக்கிவிடலாமே, இங்கே ஏன் பூட்ட வேண்டும் என்ற கேள்வி சில மாடல்களுக்கு எழலாம். 'எக்ஸ்-7' அமெரிக்காவில் பிறந்த கார் என்பதால் அந்த சலுகை அதற்கு கிடைக்காது. இங்கே விலை கட்டுப்படியாக வேண்டும் என்றால் அடுத்த மாடலையும் உதிரியாக கொண்டுவந்து செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பூட்டுவதுதான் கம்பெனிக்கு லாபம்.